லாரி நிற்காத நாளிலும்

ரோலர்க்காரிக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கையிலிருக்கும் துணிதான் பேசும். அன்று காலையில் முதல் விரிப்பை மடிக்க எடுத்து அவள் உதறிய உதறலில், எதிர்முனையைப் பிடித்திருந்த பெரியக்காவின் விரல்களிலிருந்து துணி பிய்த்துக்கொண்டு போனது. இரண்டாவது விரிப்புக்கும் அதே கதி. மூன்றாவதை எடுப்பதற்குள் பெரியக்கா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டாள்.

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் கூடம் அது. ஒரு பக்கம் ஆள் உயர மெஷின்கள் துணியை உருட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் நீராவியில் சுடும் நீளமான உருளை. ஈர விரிப்பைக் கோணாமல் பிடித்து உருளைக்குள் ஊட்டுவது ரோலர்க்காரியின் வேலை. மறுபக்கம் சூடாக வந்து விழுவதைப் பெரியக்கா வாங்கிக்கொள்வாள். ஒரு அடுக்கு சேர்ந்ததும் இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மடிப்பார்கள். இந்த வேலையில் ஒருத்தியின் மனநிலை இன்னொருத்தியின் கைக்கு வராமல் இருக்காது.

"யாரை நினைச்சுடி என் தோள்பட்டையைக் கழட்டுற?"

"எங்க அத்தை என் மாத்திரையை பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்கக்கா."

"என்ன மாத்திரை?"

"கருத்தடை மாத்திரை."

பெரியக்கா சிரித்துவிட்டாள். "பீரோவுலயா? ஏன், அது என்ன நகையா?"

"சிரிக்காதீங்கக்கா. நேத்தும் போடல, இன்னிக்கும் போடல. கேட்டா, லாரி வந்ததும் தரேன்னு சொல்றாங்க."

லாரி வந்ததும். இந்த இரண்டு வார்த்தைதான் அவளுக்கு உச்சந்தலை வரை சுட்டது. அது ஏன் என்று தெரிய வேண்டுமானால் அவள் குடியிருக்கும் தெருவைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அது லாரி டிரைவர்களின் தெரு. அங்கே யார் வீட்டில் ஆண்பிள்ளை இருக்கிறான், யார் வீட்டில் இல்லை என்று கதவைத் தட்டிக் கேட்க வேண்டியதில்லை. வாசலில் லாரி நின்றால் இருக்கிறான், நிற்காவிட்டால் இல்லை. சமையலின் அளவு, தொலைக்காட்சியின் சத்தம், பிள்ளைகளின் அடக்கம் எல்லாம் லாரியைப் பொறுத்து மாறும். லாரி வந்தால் வீட்டுக்காரி தலை வாரிக்கொள்வாள். அந்தத் தெருவில் புருஷன் என்றால் வாரத்தில் ஒருநாள் வந்து, சட்டையைத் துவைக்கப் போட்டு, தூங்கி எழுந்து, டீசல் வாசனையை விட்டுவிட்டுப் போகிற ஆள். அதைக் குறையென்று யாரும் சொல்வதில்லை. பிழைப்பு அப்படி.

ரோலர்க்காரிக்கு இரண்டு பிள்ளைகள். சின்னவளுக்கு எட்டு மாதம். அந்தப் பிரசவத்தில் அவள் பிழைத்ததே பெரிய காரியம். ஆபரேஷன் முடிந்தும் ரத்தம் நிற்கவில்லை. அவளே வெளுத்து மடித்திருக்கக்கூடிய விரிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அவளுக்குக் கீழே மாற்றினார்கள். கண் திறந்தபோது டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார்: உடனே இன்னொன்று உண்டானால் தையல் தாங்காது, கர்ப்பப்பை கிழியும், இரண்டு வருஷத்துக்கு இந்தப் பக்கமே வரக் கூடாது. அதை அவள் புருஷனான டிரைவரும் கேட்டான். கேட்டு, வராந்தாவில் போய் நின்று அழுதான். அந்த அழுகையில் பொய் இல்லை என்று அவள் இன்றைக்கும் சொல்வாள்.

அதனால்தான் மாத்திரைக்காக இருவரும் சேர்ந்தே கிளினிக்குக்குப் போனார்கள். நர்ஸ் முதலில் ரத்த அழுத்தம் பார்த்தாள். குழந்தை பால் குடிக்கிறதா, ஆறு மாதம் தாண்டிவிட்டதா என்று கேட்டாள். கண்ணில் மின்னல் வெட்டுகிற மாதிரி ஒற்றைத் தலைவலி வருமா, காலில் ரத்தம் கட்டியதுண்டா, மஞ்சள் காமாலை வந்ததா, புகை பிடிக்கும் பழக்கம் உண்டா என்று வரிசையாகக் கேட்டாள்.

"இவ பிடிக்க மாட்டா, நான்தான்" என்றான் டிரைவர்.

"உங்களுக்கு மாத்திரை தரல சார்" என்றாள் நர்ஸ்.

பிறகு அட்டையை மேஜையில் வைத்து விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். "மாதவிலக்கு வந்த முதல் நாள்லயே ஆரம்பிங்க. தினம் ஒண்ணு, ஒரே நேரத்துல. உங்களுக்கு ஷிப்ட் மாறும்னு சொன்னீங்கல்ல, அதனால காலையில பல் விளக்கினதும்னு வச்சுக்கங்க, பல் விளக்காத நாள் கிடையாதே. வெள்ளை மாத்திரை எல்லாம் முடிஞ்சதும் கடைசி வரிசையில வேற கலர்ல இருக்கு பாருங்க, அது இரும்புச் சத்து. அதையும் விடாதீங்க. அது போடறப்ப தூரம் வரும், பயப்படாதீங்க. அட்டை முடிஞ்ச மறுநாளே அடுத்த அட்டை. நடுவுல லீவு கிடையாது."

"மறந்துட்டா?"

"ஒண்ணு மறந்தா, ஞாபகம் வந்ததும் போட்டுடுங்க. அன்னிக்குப் போட வேண்டியதையும் போட்டுடுங்க, ரெண்டும் ஒண்ணா விழுந்தாலும் பரவாயில்லை. ரெண்டு நாள் விட்டுப்போச்சுன்னா எங்கிட்ட வாங்க. முதல்ல கொஞ்ச நாள் குமட்டும், நடுவுல லேசா கறை படும். பழகிடும். கெண்டைக்கால் வீங்கி வலிச்சாலோ, நெஞ்சு வலிச்சாலோ, தாங்க முடியாத தலைவலி வந்தாலோ அங்கேயே நிறுத்திட்டு ஓடி வந்துடணும்."

எல்லாம் சொல்லி முடித்தவள் டிரைவர் பக்கம் திரும்பினாள். "சார், இது உங்களுக்குத்தான். நீங்க ஊர்ல இல்லாத நாள்லயும் இவங்க போடணும். உங்க தெருப் பொம்பளைங்க பாதிப் பேர் லாரி நிக்கிற அன்னிக்கு மட்டும் போட்டுட்டு, அப்புறம் வயித்தைத் தள்ளிக்கிட்டு என்கிட்டயே வந்து மாத்திரை சரியில்லைன்னு சண்டை போடுறாங்க. இது தலைவலி மாத்திரை இல்ல, வலிக்கிறப்ப மட்டும் போடுறதுக்கு. விடாம போட்டாத்தான் வேலை செய்யும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சிஸ்டர்" என்று டிரைவர் மாடு மாதிரித் தலையை ஆட்டினான். ஆட்டினானா இல்லையா? அவள் கண்ணால் பார்த்தாள்.

முதல் நாள் பல் விளக்கிவிட்டு அவள் மாத்திரை போட்டபோது லாரி வாசலில் நின்றது. மாமியார் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் லாரி கிளம்பிப் போய்விட்டது. அன்றும் அவள் போட்டாள். அதற்கடுத்த நாளும் போட்டாள். மாமியார் பால் காய்ச்சிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தபடி இருந்தாள். ஒருநாள் அடக்க மாட்டாமல் கேட்டாள்.

"அவன்தான் ஊர்ல இல்லையே. இது எதுக்கு உனக்கு?"

"தினம் போடணும் அத்தை. நர்ஸ் சொன்னாங்க."

"காய்ச்சல் இல்லாத நாள்ல காய்ச்சல் மாத்திரை போடுவியா நீ?"

"இது காய்ச்சல் மாத்திரை இல்ல அத்தை."

"அதான் நானும் கேட்கிறேன்" என்றாள் மாமியார்.

அந்தக் கேள்வியில் என்ன இருந்தது என்று ரோலர்க்காரிக்கு அப்போது உறைக்கவில்லை. வேலைக்கு நேரமாகியிருந்தது, பெரியவன் ஒரு செருப்பைக் காணோம் என்று அழுதுகொண்டிருந்தான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. உறைத்ததும் காது இரண்டும் சூடாகிவிட்டது. புருஷன் இல்லாத நாளில் எதற்கு என்றால், அப்புறம் யாருக்காக என்று அர்த்தம். அந்தக் கேள்விக்கு அவள் பதிலும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், மடச்சி மாதிரி.

மாமியாராவது சந்தேகத்தைத் தன் வயிற்றோடு வைத்துக்கொண்டிருக்கலாம். அவளுக்கு அது முடியவில்லை. எதிர்வீட்டுக்காரியிடம் போய், எதேச்சையாகக் கேட்கிற மாதிரி கேட்டாள்: நீயும் அந்த மாத்திரை போட்டுட்டிருந்தியே, தினமுமா போட்ட? இல்லையே அத்தை, அவர் வர்ற அன்னிக்கு மட்டும்தான் போட்டேன் என்றாள் அவள். மாமியாருக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

எதிர்வீட்டுக்காரியின் புருஷனுக்குத் தெருவில் ஹாரன் என்று பெயர். அவன் லாரியின் ஹாரனைவிட அவன் வாய் சத்தம். மனைவி சாப்பாடு போடும்போது சொன்னதை அவன் கைகழுவிய ஈரம் காய்வதற்குள் டீக்கடைக்குக் கொண்டுபோனான். அங்கே ஒன்றுக்கு இரண்டாக்கி, கூடவே ஒரு நகைச்சுவையும் சேர்த்தான்.

"டிரைவரே இல்லாம ஷெட்ல நிக்கிற வண்டிக்கு எதுக்குய்யா இன்சூரன்ஸ்?"

டீக்கடை சிரித்தது. அதற்குப் பிறகு ரோலர்க்காரி பஸ்ஸுக்கு அந்த வழியாக நடந்தால் யாராவது ஒருத்தன் இன்சூரன்ஸ் என்று இருமுவான். மற்றவர்கள் டம்ளருக்குள் சிரிப்பார்கள். முதல் நாள் அவளுக்குப் புரியவில்லை. புரிந்த நாளில், அங்கே கொதித்துக்கொண்டிருந்த டீச் சட்டியைத் தூக்கி அவர்கள் மடியில் கவிழ்த்தால் என்ன என்று தோன்றியது. கவிழ்க்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

பேச்சு லாரிகளில் ஏறி ஊர் ஊராகப் போய் டிரைவர் காதையும் எட்டியது. அவன் போன் பண்ணினான். குழந்தை எப்படி இருக்கு, பெரியவன் பள்ளிக்கூடம் போனானா என்று சுற்றி வந்துவிட்டுக் கடைசியில் இழுத்தான்.

"அந்த மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையேன்."

"எதுக்கு?"

"தெருவுல ஒரு மாதிரி பேசுறாங்க. நான் வர்றப்ப போட்டுக்கலாம்ல."

"நர்ஸ் சொன்னப்ப நீங்களும் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க?"

"உட்கார்ந்திருந்தேன். யார் இல்லேன்னா."

"அப்ப அதை உங்க அம்மாகிட்டச் சொல்லுங்க. இதோ பக்கத்துலதான் இருக்காங்க, போனைத் தரேன்."

"இதெல்லாம் அம்மாகிட்ட எப்படிப் பேசுறது? சிக்னல் விட்டு விட்டு வருது, வைக்கிறேன்."

சிக்னல் கணீரென்று இருந்தது. பின்னால் யாரோ வண்டிக்குக் காற்றுப் பிடிப்பது வரை அவளுக்குக் கேட்டது.

அவன் நிறுத்தச் சொல்லியும் அவள் நிறுத்தவில்லை. மறுநாள் காலை பல் விளக்கிவிட்டு அலமாரியில் கை வைத்தால் அட்டையைக் காணோம். மாமியார் இடுப்பில் பீரோச் சாவி தொங்கியது.

"பத்திரமா இருக்கு" என்றாள் மாமியார். "லாரி வந்ததும் தரேன்."

இதையெல்லாம் ரோலர்க்காரி விரிப்பை மடித்துக்கொண்டே சொல்லி முடித்தாள். பெரியக்காவின் சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது.

"இப்ப அவன் எப்ப வருவான்?"

"ரெண்டு மூணு நாள்ல வந்துடுவாரு."

"வந்தா உங்க அத்தை தாராள மனசோட அட்டையை எடுத்துக் கொடுப்பா. நீ அன்னிக்கு ஒண்ணு போட்டுட்டு அவன்கூடப் படுப்ப. அப்படித்தானே?" பெரியக்கா தன் முனையைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தாள். "செத்துப்போவடி. போ, சாப்பாட்டு நேரத்துல போய் அந்த நர்ஸைப் பாரு. சூப்பர்வைசர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

நர்ஸ் கதையைக் கேட்டுப் பேனாவை மேஜையில் போட்டாள். அவளுக்கும் கோபம் வந்தது. ஆனாலும் வேலையை முதலில் பார்த்தாள். எத்தனை போட்டாயிற்று என்று கேட்டு, புது அட்டை எடுத்து, ஒரு மாத்திரையை அங்கேயே பிதுக்கி, தண்ணீர் டம்ளரோடு நீட்டினாள்.

"விட்டுப்போனதுல கடைசி ஒண்ணுக்கு பதிலா இது. அதுக்கு முந்தினதை மறந்துடுங்க, சேர்த்துப் போட வேண்டாம். நாளைக் காலையிலிருந்து வழக்கம்போல. ஆனா இனிமே ஏழு நாளைக்கு ஆணுறை இல்லாம அவரைப் பக்கத்துல விடக் கூடாது. இதோ, இதையும் வச்சுக்கங்க. உங்க அத்தையை ஒருநாள் கூட்டிட்டு வாங்க, நான் எடுத்துச் சொல்றேன்."

"நீங்க சொன்னா மருந்தைப் பத்தி நம்புவாங்க சிஸ்டர். என்னைப் பத்தி நம்ப மாட்டாங்க. அதை அவங்க மகன்தான் சொல்லணும்."

நர்ஸ் பேனாவை எடுத்துக்கொண்டாள். வெளியே கூப்பிட வேண்டிய பெண்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று முதல் அவள் அட்டையை வேலைக்குக் கொண்டுபோகும் பையிலேயே வைத்துக்கொண்டாள். தன் சொந்த வீட்டில், தன் உடம்புக்கான மாத்திரையை, பல் விளக்கியபின் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு திருடி மாதிரி விழுங்கினாள். விழுங்கும்போதெல்லாம் அவளுக்கு ஆத்திரம் வந்தது. திருடவும் இல்லை, ஒளியவும் வேண்டியதில்லை, பின் எதற்கு இந்தக் கதவு?

லாரி சனிக்கிழமை பிற்பகல் வந்து நின்றது. டிரைவர் இறங்கிக் குளித்துச் சாப்பிட உட்கார்ந்ததும் மாமியார் பீரோவைத் திறந்தாள். அட்டையை எடுத்து வந்து மகன் முன்னாலேயே மருமகளிடம் நீட்டினாள். "இந்தாம்மா, இனிமே போட்டுக்கோ" என்றாள், என்னவோ வரம் கொடுக்கிற மாதிரி.

ரோலர்க்காரி வாங்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லுவான் என்று பார்த்தாள். அவன் சோற்றைப் பிசைந்தான். பிசைந்த சோற்றையே மறுபடியும் பிசைந்தான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்னவோ.

அறைக்குள் போனதும் அவன் கதவைச் சாத்தினான். அவள் திறந்தாள்.

"உங்க அம்மா என் மாத்திரையைப் பூட்டி வச்சாங்க. ரெண்டு நாள் விட்டுப்போச்சு. நான் போய் வேற வாங்கிப் போட்டுட்டேன். ஆனா ஏழு நாள் ஆகணும். அதுவரைக்கும் உறை போட்டுக்கணும்னு நர்ஸ் சொன்னாங்க."

"வீட்டுக்கு வந்ததும் வராததுமா கண்டிஷனா?"

"நான் போட்ட கண்டிஷன் இல்ல. பூட்டு போட்டவங்க போட்டது."

"சரி விடு, உறையே போட்டுக்கிறேன். இப்ப என்ன?"

அவன் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதுதான் அவள் கோபத்தை இன்னும் மூட்டிவிட்டது. அவனுக்கு எல்லாம் தெரியும். அவள் எதற்குப் போடுகிறாள் என்பதும் தெரியும், அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்பதும் தெரியும். சந்தேகப்பட்டிருந்தால்கூட ஒரு சண்டையோடு போயிருக்கும். தெரிந்துகொண்டே, தன் வெட்கத்தைக் காப்பாற்றிக்கொள்ள, அவள் மானத்தை டீக்கடைக்குத் தள்ளிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறான்.

"உறை வேண்டாம்" என்றாள். "அன்னிக்கு நர்ஸ் சொன்னதை உங்க அம்மாகிட்ட உங்க வாயால சொல்லுங்க. சொல்ற வரைக்கும் நீங்க லாரியில படுத்துக்கங்க."

"என்ன விளையாடுறியா?"

அவள் விளையாடவில்லை. அவன் தலையணையை எடுத்துக்கொண்டு, கூடத்தில் இருந்த மாமியாரைக் கடந்து, வாசலில் இறங்கி, லாரியின் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் வைத்துவிட்டு வந்தாள். தெருவே பார்த்தது. எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. டிரைவர் முதலில் முறைத்தான், பிறகு கெஞ்சினான், பிறகு ஆண்பிள்ளை ரோஷம் வந்து, லாரியில் படுத்தால் என்ன குறைந்தா போய்விடும் என்று வீறாப்பாக இறங்கிப் போனான். ஊரெல்லாம் சுற்றும்போது அதே சீட்டில்தான் படுக்கிறான். ஆனால் சொந்த வீட்டு வாசலில் படுப்பது வேறு என்று விடிவதற்குள் அவனுக்குத் தெரிந்துவிட்டது. பால் வாங்கப் போனவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

காலையில் மாமியார் வாசலுக்கு வந்து கத்தினாள். "டேய், வீடு இருக்கிறப்ப எதுக்குடா வண்டியில கிடக்கிற? இவ சொன்னாளாம், நீ போனியாம். தப்பு பண்றவளுக்கு இவ்வளவு திமிரா?"

தப்பு என்ற வார்த்தை தெருவில் விழுந்ததும் டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தான். வாசற்படியில் நின்ற மனைவியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது. அவன் அம்மாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனான்.

"அவ தப்பு பண்ணலம்மா. அந்த மாத்திரையைத் தினமும் போடணும். நான் இருந்தாலும் போடணும், இல்லாட்டியும் போடணும். விட்டா வேலை செய்யாது. நர்ஸ் என்கிட்டயே சொன்னாங்க. நான் கேட்டேன்."

"எப்ப?"

"வாங்கப் போன அன்னிக்கே."

மாமியார் மகன் பக்கம் திரும்பினாள். "இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்றாள். பிறகு மருமகளைப் பார்க்காமலேயே, "சரி, டீ போடட்டுமா?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். அவர்களுக்கு முடிந்துவிட்டது. டிரைவர் உள்ளே வந்து சட்டையைக் கழற்றினான். தலையணை அதன் இடத்துக்கு வந்தது. பெரியவன் அப்பாவின் முதுகில் ஏறினான். ரோலர்க்காரி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். இத்தனை நாள் அவளைத் தெருவில் இழுத்துப் போட்டு மிதித்ததற்கு ஒரு டம்ளர் டீயா?

"சட்டையைப் போடுங்க" என்றாள்.

"எதுக்கு? அதான் சொல்லிட்டேனே."

"இங்க மூணு பேர்தான் இருக்கோம். இருமுனவங்க எல்லாம் டீக்கடையில இருக்காங்க. அங்க வந்து சொல்லுங்க."

"அங்கேயா? ஆம்பளைங்க நடுவுலயா? என் மானம் போயிடும்."

"என் மானம் போனப்ப உங்களுக்கு சிக்னல் இல்ல."

அவன் அம்மாவைப் பார்த்தான். மாமியார், என்ன நினைத்தாளோ, அடுப்பை அணைத்துவிட்டுச் சட்டையை எடுத்து மகன் மேல் எறிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை டீக்கடையில் கூட்டம். தெருவில் நின்ற லாரிகளின் டிரைவர்கள் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். டிரைவர் முன்னால் நடந்தான், அவள் பின்னாலேயே போனாள், அவன் எங்கேயாவது திரும்பிவிடாமல் இருக்க. ஹாரன்தான் முதலில் பார்த்தான்.

"என்னப்பா, ராத்திரி பூரா வண்டியில பார்க்கிங் போல?"

எல்லோரும் சிரித்தார்கள். டிரைவரும் வழக்கம்போல ஒரு அசட்டுச் சிரிப்பு சிரிக்கப் போனான். முதுகுக்குப் பின்னால் அவள் நிற்பது ஞாபகம் வந்து, சிரிப்பை மென்று விழுங்கினான்.

"இந்த மாத்திரை விஷயம்" என்று ஆரம்பித்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தான். "என் பொண்டாட்டி தினமும் மாத்திரை போடுறா. நான் ஊர்ல இல்லாத அன்னிக்கும் போடுறா. அப்படித்தான் போடணும். ஒருநாள் கூட விடக் கூடாது. வண்டி வந்த அன்னிக்கு மட்டும் போட்டா அது வெறும் சுண்ணாம்பு, ஒண்ணுத்துக்கும் ஆகாது. நர்ஸ் என்கிட்ட நேர்லயே சொன்னாங்க. இது எனக்கு முதல்லயே தெரியும். உங்க யார்கிட்டயும் சொல்லாம இருந்தது என் தப்பு. இனிமே எவனாவது அவளைப் பார்த்து இருமினா என்னைக் கேட்டுட்டு இருமுங்க."

ஒருத்தரும் இருமவில்லை. ரோலர்க்காரி ஹாரனையே பார்த்தாள். இந்த நேரத்துக்காகத்தான் அவள் இவ்வளவு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவன் அடுத்த நகைச்சுவையை எடுத்து விடட்டும், அவன் முகத்துக்கு நேராகக் கேட்க வேண்டியதை எல்லாம் அவள் வரிசையாக வைத்திருந்தாள்.

ஹாரன் டீ டம்ளரைப் பலகையில் வைத்தான்.

"தினமுமா?" என்று கேட்டான்.

அவன் குரல் அவ்வளவு தணிந்து அந்தக் கடை கேட்டதில்லை. அவன் மனைவிக்கு இப்போது வயிற்றில் இருப்பது நாலாவது. மூன்றாவது பிரசவத்தில் அவளுக்கு ஜன்னி கண்டு, இழுத்து, வாயில் நுரை தள்ளி, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இதோடு போதும், இனி ஒன்று வந்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று அங்கே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்படியும் இப்போது நாலு மாதம். மாத்திரை மோசம், கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்று இதே பலகையில் உட்கார்ந்து அவன்தான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"தினமும்தான்" என்றான் டிரைவர்.

ரோலர்க்காரி அடுக்கி வைத்திருந்த பேச்செல்லாம் அப்படியே இருந்தது. அதில் ஒன்றைக்கூட எடுக்க முடியவில்லை. கோபம் மட்டும் போகவில்லை, முன்னைவிட அதிகமாகத்தான் இருந்தது.

"அண்ணே, உங்க வீட்டு அக்காவை லாரி வர்ற அன்னிக்கு மட்டும் போடச் சொன்னது யாரு?"

ஹாரன் அவளைப் பார்க்கவில்லை. தெருக்கோடியில் தன் வீட்டு வாசலைப் பார்த்தான். அவன் மனைவி வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, குடத்தை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அவ தினம் போடணும்னுதான் சொன்னா" என்றான். "நான் இல்லாதப்ப உனக்கு எதுக்குடின்னு கேட்டது நான்தான்."